வேகம் யாருக்குச் சொந்தம்?

1998-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, அமெரிக்காவிலுள்ள இன்டெல் கம்பெனி இரண்டு புதிய சரக்குகளைச் சந்தைக்கு விட்டது. இரண்டும் கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்லப்படும் பிராசஸர் சிப்புகள். ஒன்று பென்டியம்-2. அதன் வேகம் 450 மெகாஹெர்ட்ஸ். மொத்த வியாபார விலை 669 டாலர். மற்றொன்று செலரான் 300-ஏ. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். விலை 149 டாலர். வசதி உள்ளவனுக்கு அது, இல்லாதவனுக்கு இது என்பது கம்பெனியின் கணக்கு.

அந்தக் கணக்கு பலிக்கவில்லை. 149 டாலர் சிப்பை வாங்கிய கல்லூரி மாணவர்களும் கம்ப்யூட்டர் பைத்தியங்களும் அதைக் கொஞ்சம் முடுக்கிப் பார்த்தார்கள். 300-ல் ஓட வேண்டியது 450-ல் ஓடியது! திக்கவில்லை, திணறவில்லை. பல வேலைகளில் 669 டாலர் சிப்போடு தோளோடு தோள் நின்றது. எல்லாச் செலரானும் அப்படி ஓடியதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஓடியவை ஏராளம். 520 டாலர் மிச்சம்.

இந்த வித்தைக்கு 'ஓவர்கிளாக்கிங்' என்று பெயர். இத்தனை வேகத்தில் ஓடும் என்று கம்பெனி முத்திரை குத்திய சிப்பை, அதற்கும் மேலான வேகத்தில் ஓட வைப்பது. இது சாமர்த்தியமா, அக்கிரமமா, வெறும் விளையாட்டுப் புத்தியா என்று நாற்பது வருஷமாகத் தர்க்கம் நடக்கிறது. நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விலை கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பொருளை முடுக்கிப் பார்க்கும் உரிமை உண்டு. பூட்டுப் போட்டு விற்றுவிட்டு, சாவிக்குத் தனி விலை கேட்பது நியாயமல்ல. ஆனால் முடுக்கியதை மறைத்து இன்னொருவன் தலையில் கட்டுகிறவனுக்கு மன்னிப்பே கிடையாது. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பது விளங்க, விஷயத்தைக் கொஞ்சம் அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

நட்டுவனார் தாளம்

பரத நாட்டியக் கச்சேரி பார்த்தவர்களுக்கு நட்டுவனாரைத் தெரியும். அவர் தட்டுகிற தாளத்துக்கு ஆடுகிறவளின் கால் விழும். கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு நட்டுவனார் உண்டு. அவர் குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லின் சிறு துண்டு. மின்சாரம் பட்டதும் அது பிசகாமல் அதிரும். அந்த அதிர்விலிருந்து உண்டாக்கும் தாளத்தைத்தான் 'கிளாக்' என்கிறார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 30 கோடி தட்டு. செலரான் 300-ஏ சிப்புக்குள் சுமார் 1 கோடியே 90 லட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அத்தனையும் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டவை.

தாளத்தை முடுக்கினால் ஆட்டமும் முடுகும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் எடுத்த அடியை வைத்து முடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. முடிக்காவிட்டால் அடி பிசகும். நாட்டியத்தில் பிசகினால் சபையோர் சிரிப்பார்கள்; சிப்பில் பிசகினால் கணக்குத் தப்பும், அல்லது யந்திரம் உறைந்து நின்றுவிடும்.

செலரானில் இந்தத் தாளம் இரண்டு படியாக அமைந்திருந்தது. மதர்போர்டு என்ற தாய்ப்பலகை 66 மெகாஹெர்ட்ஸ் தாளம் கொடுக்கும். சிப் அதை நாலரை மடங்காகப் பெருக்கிக்கொள்ளும். பெருக்கும் எண்ணைக் கம்பெனி சிப்புக்குள்ளேயே பூட்டிவிட்டது. ஆனால் பலகையின் தாளம் வெளியே அல்லவா இருக்கிறது? 66-ஐ 100 ஆக்கினால், நாலரை மடங்கு 450. சில பலகைகளில் இதற்குத் திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அந்த வசதி இல்லாதவர்கள் செய்த காரியம் இன்னும் வேடிக்கை. சிப் பொருத்திய அட்டையில் பி-21 என்ற ஒரே ஒரு தொடுமுனையின் மேல் துண்டு டேப்பை ஒட்டினார்கள். சிலர் வீட்டிலிருந்த நகப்பூச்சைத் தடவினார்கள். "நான் 66 ஆசாமி" என்று பலகைக்கு அறிவிக்கும் முனை அதுதான். அதன் வாயைக் கட்டியதும் பலகை ஏமாந்து 100-ஐக் கொடுத்தது.

மாம்பழக் கூடை

149 டாலர் சரக்குக்குள் இத்தனை சக்தி ஒளிந்திருந்தது எப்படி? சிப்புகளைத் தனித்தனியாக வார்ப்பதில்லை. வட்டமான சிலிக்கன் தகட்டின் மேல் நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் உண்டாக்கி, பிறகு துண்டு போடுகிறார்கள். ஒரே தகட்டில் பிறந்தாலும் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. பரிசோதித்து, வேகமாக ஓடுவதை ஒரு பக்கம், மெதுவாக ஓடுவதை ஒரு பக்கம் என்று பிரித்து முத்திரை குத்துவார்கள். சேலத்து மண்டியில் மாம்பழம் பிரிப்பது மாதிரிதான்.

ஆனால் நாளாக ஆகத் தொழிற்சாலைக்குக் கை தேறிவிடும். வருகிற பழமெல்லாம் முதல் தரமாக வர ஆரம்பிக்கும். வாங்குகிறவர்களோ பெரும்பாலோர் மலிவுக் கூடையையே தேடுகிறார்கள். வியாபாரி என்ன செய்வான்? முதல் தரப் பழத்தையே எடுத்து இரண்டாம் தரக் கூடையில் போட்டு, இரண்டாம் தரச் சீட்டை ஒட்டுவான். அதோடு, புழுக்கமான அறையில், மோசமான மின்சாரத்தில், பல வருஷம் ஓடினாலும் பழுது வரக் கூடாதே என்று என்ஜினீயர்கள் கொஞ்சம் தாராளமாகவே இடம் விட்டு வேகத்தைக் குறிப்பார்கள். ஆகவே சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணில் ஒரு பாதி என்ஜினீயரின் ஜாக்கிரதை. மறு பாதி வியாபாரியின் கூடைக் கணக்கு. எந்தப் பாதி எவ்வளவு என்று வாங்குகிறவனுக்கு யாரும் சொல்வதில்லை. முடுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குக் கூலி உஷ்ணம். வேகத்தைக் கூட்டினால் உஷ்ணம் அதே விகிதத்தில் கூடும். அது பரவாயில்லை. முடுக்கிய சிப் தடுமாறாமல் இருக்க வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். வோல்டேஜ் கூடினால் உஷ்ணம் அதன் வர்க்கத்தில் கூடும். வேகத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் உயர்த்தினால், உஷ்ணம் சுமார் 45 சதவீதம் ஜாஸ்தி. கந்து வட்டிக்காரன்கூட இவ்வளவு கேட்க யோசிப்பான்! மேலும் மின்விசிறி வைத்தாலும் தண்ணீர்க் குழாய் சுற்றினாலும், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. 20 டிகிரி குளிரில் உட்கார்ந்து ஓர் ஐரோப்பியர் எட்டிய வேகத்தை, மே மாதம் 40 டிகிரி வேலூரில் எட்டலாம் என்று நம்பிச் செலவு செய்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

இதையே பந்தயமாக நடத்துகிறவர்களும் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனைச் சிப்பின் தலையில் ஊற்றுவார்கள். 2022 டிசம்பரில் அதைவிடக் குளிர்ந்த திரவ ஹீலியத்தை ஊற்றி, ஒரு சிப்பை 9,008 மெகாஹெர்ட்ஸ் வரை விரட்டினார்கள். 9,000-ஐத் தாண்டியது அதுதான் முதல் தடவை. சர்க்கஸில் சிங்கத்தின் வாயில் தலையை விடுவதுபோல இது ஒரு காட்சி. அந்த வேகத்தில் யாரும் ஆபீஸ் கணக்கு எழுதப் போவதில்லை. நாம் பேச வந்தது வீட்டு மேஜையில் இருக்கும் யந்திரத்தைப் பற்றி.

முதல் பூட்டு

வீட்டு மேஜையில் சண்டை ஆரம்பித்தது 1984-ல். அந்த வருஷம் ஐ.பி.எம். கம்பெனி 'ஏ.டி.' என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வேகம் வெறும் 6 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு அது ராஜ யந்திரம். தாளம் கொடுக்க உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருந்தது. அதில் பாதிதான் சிப்பின் வேகம். படிகத்தைப் பற்றவைக்காமல், கையால் பிடுங்கி எடுக்கும்படி சொருகி வைத்திருந்தார்கள். சும்மா இருப்பார்களா? சில டாலருக்கு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வாங்கிச் சொருகினார்கள். யந்திரம் 8-ல் ஓடியது. மூன்றில் ஒரு பங்கு வேகம், சில்லறைக் காசுக்கு.

ஐ.பி.எம். என்ன செய்தது தெரியுமா? 1985-ல் வந்த யந்திரங்களில், ஆரம்பிக்கும்போதே தாளத்தை அளந்து பார்த்து, வேகம் அதிகமாக இருந்தால் கிளம்பவே மறுக்கும்படி ஒரு சோதனையைப் புகுத்திவிட்டது. ஜாக்கிரதைக்காகச் செய்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் மறு வருஷமே, 1986-ல், 8 மெகாஹெர்ட்ஸ் ஏ.டி.யை அதே கம்பெனி புதிய மாடலாக விற்றது. படிக்கிறவர்கள் தாங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

கம்பெனிக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1990-களில் ஒரு மோசடிக் கூட்டம் புறப்பட்டது. மலிவான பென்டியம் சிப்பை வாங்கி, மேலே உள்ள எண்ணைச் சுரண்டிவிட்டு, அதிக வேகமுள்ளதாகப் புது எண்ணை அச்சடித்து விற்றார்கள். வாங்கியவன் ஒன்றும் அறியாதவன். யந்திரம் அடிக்கடி நின்றால் கம்பெனியைத்தான் திட்டுவான். பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டியதற்குச் சொல்லப்பட்ட காரணம் இதுதான். அதைக் குறை சொல்ல மாட்டோம்.

போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யின் பூட்டு இதைவிட ரசமானது. 2000-ல் வந்த அதன் ஆத்லான், டியூரான் சிப்புகளின் மேல்பரப்பில் பொடிப் பொடியான இணைப்புக் கோடுகள் இருந்தன. அவற்றை அறுத்துவிட்டால் பூட்டு. அறுந்த கோட்டைச் சேர்க்க என்ன வேண்டும்? பள்ளிக்கூடப் பையன் வைத்திருக்கும் பென்சில்! அதிலுள்ள கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாலு கோடு கிழித்தார்கள், பூட்டு திறந்துகொண்டது. மறு வருஷம் வந்த சிப்பில், அறுத்த இடத்தைப் பள்ளமாக்கி, பென்சில் எளிதில் எட்டாதபடி செய்துவிட்டார்கள்.

ஓசையில்லாத பிழை

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முடுக்கிய யந்திரம் படாரென்று நின்றுவிட்டால் நல்லது, சங்கதி தெரிந்துபோகும். நிற்காமல் ஓடிக்கொண்டே, கோடியில் ஒரு கணக்கை மட்டும் தப்பாகப் போட்டால்? தப்பான எண் ஒன்று பைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது.

மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் பிரிவிலுள்ள ஒரு நிபுணர் 2005-ல் எழுதிய விஷயம் ஞாபகம் வருகிறது. உலகமெங்கும் இருந்து வந்து குவியும் கோளாறு அறிக்கைகளில் சில, தலைகால் புரியாதவையாக இருந்தன. ஒரு பெட்டியில் உள்ளதை அழித்துப் பூஜ்யம் போடு என்ற கட்டளையில் யந்திரம் விழுந்திருக்கிறது. இதைவிட எளிய கட்டளை கிடையாது. இதில் விழ வழியே இல்லை. விசாரித்துப் பார்த்தால், பல யந்திரங்கள் முடுக்கப்பட்டவை. அதில் வயிற்றெரிச்சலான பகுதி என்னவென்றால், சொந்தக்காரர்களில் சிலருக்கே அது தெரியாது. சிறு கடைக்காரன் மலிவு சிப்பைப் போட்டு, முடுக்கி, வேகமான யந்திரம் என்று விற்றிருக்கிறான். 2011-ல் அதே கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் சுமார் 10 லட்சம் கம்ப்யூட்டர்களின் கோளாறுகளை அலசினார்கள். முடுக்கியவை அதிகம் விழுகின்றன. குறித்த வேகத்துக்கும் குறைவாக ஓடுபவை மற்றவற்றைவிட நிதானமாக இருக்கின்றன என்று கண்டார்கள்.

இதனால்தான் முடுக்குகிறவர்களில் பொறுப்புள்ளவர்கள் உடனே வேலையை ஆரம்பிப்பதில்லை. பகா எண்களைத் தேடுவதற்கென்று எழுதிய 'பிரைம்95' என்ற புரோகிராமை இரவெல்லாம் ஓட விடுவார்கள். விடை முன்பே தெரிந்த பிரம்மாண்டமான பெருக்கல்களை அது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். ஒன்று பிசகினாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். விளையாட்டுக்கும் சினிமாப் படம் வெட்டி ஒட்டுவதற்கும் இது போதும். பாங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிப் பதிவு, பரீட்சை மார்க்கு இவற்றை வைத்திருக்கும் யந்திரத்தில் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட முடுக்கக் கூடாது என்பதே நமது கட்சி. அங்கே கணக்குத் தப்பினால் நஷ்டம் முடுக்கியவனுக்கு அல்ல, ஊராருக்கு.

சாவிக்கு விலை

மோசடியைத் தடுக்கத்தான் பூட்டு என்றால், பிறகு நடந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? 2010-ல் இன்டெல் ஒரு பென்டியம் சிப்பை விற்றது. அதன் உள்ளே இருந்த சில பாகங்களை வேலை செய்யாமல் அடைத்து வைத்திருந்தார்கள். கடையில் 50 டாலருக்கு ஒரு சீட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணைத் தட்டினால் அடைத்த பாகம் விழித்துக்கொள்ளும். 2011-ல் சில சிப்புகளின் வேகத்தையே இப்படிச் சீட்டுக்கு விற்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் கைவிடப்பட்டது. வீட்டை விற்றுவிட்டு, மாடி அறையை மட்டும் பூட்டி, "திறக்க வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டு" என்றால் நம் ஊரில் பஞ்சாயத்துக் கூடிவிடும்.

அதே 2011 ஜனவரியில் வந்த ஏற்பாடு கொஞ்சம் நாசூக்கானது. கோர் ஐ5-2500 என்ற சிப் 205 டாலர். அதே வேகமுள்ள 2500-கே 216 டாலர். சில்லறை வித்தியாசங்களை விட்டால், 'கே' என்ற எழுத்துக்கு அர்த்தம் பூட்டு இல்லை என்பதே. 11 டாலர் பெரிய தொகையல்ல. ஆனால் அதை முடுக்க அனுமதிக்கும் தாய்ப்பலகையும் தனி ரகம். இவ்வளவும் வாங்கி முடுக்கினால், உத்தரவாதம் ரத்து! அதற்கும் 2012-ல் ஒரு மருந்து விற்றார்கள். 2500-கே சிப்புக்கு 20 டாலர் கட்டினால், முடுக்கிக் கருகினாலும் ஒரு தடவை மாற்றித் தருவார்கள். 2021-ல் அந்தத் திட்டமும் மூடப்பட்டது.

ஏ.எம்.டி. 2017-ல் கொண்டுவந்த ரைசன் சிப்புகளைப் பூட்டே இல்லாமல் விற்றது. ஆனால் 2022-ல் வந்த 5800-எக்ஸ்3டி சிப்பைப் பூட்டியது. அதில் நினைவுப் பகுதியை அடுக்காக ஒட்டியிருந்தார்கள். அந்த அடுக்கு அதிக வோல்டேஜ் தாங்காது என்று காரணத்தையும் சொன்னார்கள். அப்படிக் காரணம் சொல்லிப் போடுகிற பூட்டை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

கடைசியாக நடந்தது எல்லாவற்றையும்விட விநோதம். 2008 முதல் கம்பெனிகளே தங்கள் சிப்புகளுக்கு முடுக்கும் புத்தியைச் சொல்லிக்கொடுத்துவிட்டன. 'டர்போ' என்று பெயர். சிப் தன் உஷ்ணத்தைத் தானே பார்த்துக்கொண்டு, இடமிருந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். முன்பு மாணவன் தேடிக் கண்டுபிடித்த மிச்சத்தைக் கம்பெனியே பெட்டியின் மேல் எண்ணாக அச்சடித்துக் காசாக்கிவிட்டது. போட்டி முற்ற முற்ற, இடம் விடும் பழக்கம் குறைந்தது. இன்டெலின் 13-ம், 14-ம் தலைமுறைச் சிப்புகளில் உயர்ந்த ரகங்கள், பூட்டைத் தொடாதவர்களின் வீட்டில்கூடத் தடுமாறி விழ ஆரம்பித்தன. 2024-ல் கம்பெனி காரணத்தை வெளியிட்டது: அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜும் உஷ்ணமும் சேர்ந்து, சிப்புக்குள் தாளத்தைக் கொண்டுபோகும் சுற்றையே மூப்படைய வைத்துவிட்டன. ஆடுகிறவள் களைக்கவில்லை, நட்டுவனாருக்கே கை நடுங்கிவிட்டது! திருத்தம் அனுப்பினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைத் திருத்தம் சரிசெய்யாது என்பதால், உத்தரவாதத்தை 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாக நீட்டினார்கள். மாணவன் முடுக்கிக் கெடுத்தால் உத்தரவாதம் இல்லை என்று வருஷக்கணக்காகச் சொன்னவர்கள், தாங்களே முடுக்கிக் கெடுத்ததற்கு உத்தரவாதத்தை நீட்ட வேண்டி வந்தது.

சரி, வேறு எப்படித்தான் செய்வது என்று கேட்கலாம். இங்கிலாந்தில் பிறந்த ராஸ்பெரி பை என்ற 35 டாலர் குட்டிக் கம்ப்யூட்டரைப் பாருங்கள். முதலில் அதன் வேகம் 700 மெகாஹெர்ட்ஸாக இருந்தது. 2012 செப்டம்பரில் அதைச் செய்தவர்களே 1,000 வரை ஏற ஏணி போட்டுக் கொடுத்தார்கள். உஷ்ணம் 85 டிகிரியைத் தொட்டால் வேகம் தானே இறங்கிவிடும். உத்தரவாதம் போகாது. இந்தக் காவலையும் நீக்கி, வோல்டேஜையும் ஏற்றித்தான் தீருவேன் என்பவனைத் தடுக்கவில்லை. ஆனால் சிப்புக்குள் அழியாத ஒரு குறி விழுந்துவிடும். அப்புறம் உத்தரவாதம் கேட்டு வர முடியாது. சொந்தக்காரனுக்குச் சுதந்திரமும் இருக்கிறது. செய்ததை மறைக்கவும் வழியில்லை. 35 டாலர் பொருளில் முடிந்த இந்த ஏற்பாடு, 500 டாலர் பொருளில் ஏன் முடியாது என்று நமக்கு விளங்கவில்லை.

அப்படி ஓர் அழியாத குறி எல்லாச் சிப்புகளிலும் வரும்வரையில், கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகப் பழைய யந்திரம் வாங்குகிறவர்கள், கடைக்காரரிடம் இரண்டு எண்களைப் பில்லில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். சிப் கம்பெனி குறித்த வேகம் என்ன? இப்போது இந்த யந்திரம் ஓடும்படி வைத்திருக்கும் வேகம் என்ன? இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், யார் முடுக்கியது, எத்தனை நாளாக என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.